மிச்சமாகும் யூனிட்டும் நெசவாளியின் வருவாயே

சென்ற முறை பரிசோதனைக்காக அம்மையார்குப்பம் சென்றிருந்தபோது, சங்கக் கட்டடத்தின் திண்ணையில் அங்கத்தினர் ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். நான்கு விசைத்தறிகள் வைத்து நடத்துபவர் அவர். நாம் பேரேட்டைத் திறக்கும் முன்பே, மடித்து வைத்திருந்த இரண்டு மின்கட்டண ரசீதுகளை நம் முன் விரித்தார். “ஐயா, அரசாங்கம் ஆயிரம் யூனிட் இலவசமாகத் தருகிறது என்கிறார்கள். தருவதும் உண்மைதான். ஆனால் நான் கட்டுகிற தொகை குறையக் காணோமே! நூல் விலை என் கையில் இல்லை. சேலை விலையும் என் கையில் இல்லை. கரண்டுச் செலவாவது என் கையில் இருக்கிறதா, சொல்லுங்கள்” என்று கேட்டார்.

அன்று நாம் அளித்த விடை அரைகுறையானது. “தறியை வீணே ஓடவிடாதீர்கள், பெரியவரே” என்று பொதுவாக ஒரு புத்திமதி கூறிவிட்டுப் புறப்பட்டோம். திருத்தணிக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி நம் மனத்தை உறுத்திக்கொண்டே வந்தது. தேசங்கள் பலவும் ஐம்பது ஆண்டுகளாகத் தமக்குள் கேட்டுக்கொண்டு வரும் கேள்வியும் அதுவேயாகும். ஆதலின் அதைச் சற்று விரிவாகவே ஆராய்ந்து, சங்கம் என்ற முறையில் நம்மால் ஆகக்கூடியது யாது என்பதை இங்கே எழுதத் துணிந்தோம்.

சலுகையும் ரசீதும்

நம் மாநிலத்தில் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடு 2006-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2016-இல் அது 750 யூனிட்டாகவும், 2023 மார்ச்சு மாதத்தில் 1000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. கைத்தறி நெசவாளர்களுக்கான சலுகை 2016-இல் 200 யூனிட்டாக இருந்து, 2023-இல் 300 யூனிட்டாயிற்று. நூல் விலையும் துணி விலையும் நிலையின்றி ஏறி இறங்கும் இத்தொழிலில், இச்சலுகைகள் பல குடும்பங்களின் தறியை நிற்காமல் காத்தன என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

எனினும், சலுகை எவ்வளவு கிடைக்கிறது என்பது ஒரு கணக்கு; தறி எவ்வளவு உண்கிறது என்பது வேறொரு கணக்கு. முதற் கணக்கை அரசாங்கம் எழுதுகிறது. இரண்டாவது கணக்கை எழுதுவது தறிக்கொட்டகையின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறி ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்.

மோட்டார் மின்சாரத்தை வாங்கிச் சுழற்சியைத் தருகிறது. வாங்கியது முழுவதும் சுழற்சியாவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. நெடுநேரம் ஓடிய மோட்டாரின் அருகே கையைக் கொண்டு சென்றால் அனல் அடிக்கிறதல்லவா? அந்த அனல் நாம் விலை கொடுத்து வாங்கிய மின்சாரமே. வாங்கியதில் எத்தனை பங்கு வேலையாகிறது என்பதையே மோட்டாரின் திறன் என்கிறோம். சர்வதேசத் தர வகுப்பின்படி, ஒரு குதிரைச் சக்தி அளவுள்ள, அதாவது ஏறத்தாழ முக்கால் கிலோவாட் கொண்ட நான்கு துருவ மோட்டார் ஐ.ஈ.1 வகுப்பாயின் நூற்றுக்கு 72.1 பங்கும், ஐ.ஈ.2 வகுப்பாயின் 79.6 பங்கும், ஐ.ஈ.3 வகுப்பாயின் 82.5 பங்கும் வேலையாக மாற்றித்தர வேண்டும்.

பத்துப் பங்குதானே வித்தியாசம் என்று எண்ணலாம். அந்த அங்கத்தினரின் நான்கு தறிகளையே எடுத்துக்கொள்வோம். தறிக்கு ஒரு குதிரைச் சக்தி மோட்டார், நாளொன்றுக்குப் பத்து மணி, மாதம் இருபத்தைந்து நாள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 500 மணி நேரம் ஓடுகிறது. முழுச் சுமையில் ஓடினால் ஐ.ஈ.1 வகுப்பு மோட்டார்கள் நான்கும் ஏறத்தாழ 2080 யூனிட் செலவிடும்; ஐ.ஈ.3 வகுப்பு மோட்டார்கள் அதே நெசவுக்கு ஏறத்தாழ 1818 யூனிட் செலவிடும். மிச்சம் 262 யூனிட். மொத்தத்தில் இது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் முதல் ஆயிரம் யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்பதை நினைவிற் கொள்க. கட்டணம் செலுத்துவது பழைய மோட்டாரில் 1080 யூனிட்டுக்கு. புதிய மோட்டாரில் 818 யூனிட்டுக்கு. மிச்சமான யூனிட் முழுவதும் காசு கொடுக்கும் பகுதியிலிருந்தே கழிகின்றது. ஆகவே ரசீதில் குறைவது எட்டில் ஒன்றன்று; ஏறத்தாழ நான்கில் ஒன்று.

தறி எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதில்லை. நூல் அறுந்து நிற்கும் நேரமும் உண்டு. ஆகையால் உள்ளபடியான மிச்சம் இதனினும் குறையக்கூடும். மறுபுறம், பலமுறை கம்பி சுற்றப்பட்ட பழைய மோட்டாரின் திறன் தகட்டிற் கண்ட அளவுக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். அங்கே மிச்சம் கூடும். கணக்கின் போக்கை அறிவதற்கே இவ்வுதாரணம்.

ஐரோப்பா கற்ற பாடம்

இவ்வாறு ஒரே வேலைக்குக் குறைந்த சக்தியைச் செலவிடுவதை அரசாங்கக் கொள்கையாகவே வகுத்து நடத்திய நாடுகள் ஐரோப்பாவில் உள்ளன. அவற்றின் வெற்றியையும் தோல்வியையும் அறிவது நம்முடைய சிறிய சங்கத்துக்கும் பயன்படும்.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஹாலந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுவதற்கே தடை விதித்தனர். வெளிநாட்டு எண்ணெயை நம்பி வாழ்வது எத்தகைய அபாயம் என்பதை அந்நாட்டு மக்கள் அன்று உணர்ந்தனர். 1976-இல் மேற்கு ஜெர்மனி எரிசக்திச் சிக்கனத்துக்கென ஒரு சட்டத்தையே இயற்றியது. குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கவே மிகுதியும் எரிபொருள் செலவாவதால், புதிய வீடுகளின் சுவரும் கூரையும் சூட்டை வெளியே விடாதபடி கட்டப்பட வேண்டும் என்ற விதிகள் அதைத் தொடர்ந்து வந்தன.

பின்னர் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி வகுத்த கொள்கையில் மூன்று முறைகள் முக்கியமானவை.

முதலாவது, வாங்குபவர் அறியும்படி தரத்தை எழுதி ஒட்டச் செய்தல். 1992-ஆம் ஆண்டின் கட்டளைப்படி, குளிர்சாதனப் பெட்டி முதலிய வீட்டுச் சாதனங்களில் முதல் தரம் தொடங்கி ஏழாம் தரம் வரை குறிக்கும் வண்ணச் சீட்டு ஒட்டப்படலாயிற்று. உற்பத்தியாளர்கள் போட்டியிட்டு முன்னேறவே, முதல் தரத்துக்கும் மேலாக மூன்று தரங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. நாளடைவில் எல்லாப் பெட்டிகளும் முதல் வகுப்பாகவே தோன்றி, வாங்குபவர்க்கு வேறுபாடு விளங்காமற் போயிற்று. ஆதலால் 2021 மார்ச்சு முதல், சில வகைச் சாதனங்களுக்கு அளவைக் கடுமையாக்கி மீண்டும் ஏழு தரங்களாகவே திருத்தியமைத்தனர்.

இரண்டாவது, குறிப்பிட்ட தரத்துக்குக் கீழ்ப்பட்ட சரக்கைப் புதிதாக விற்பனைக்கு விடாமல் தடுத்தல். 2009-க்கும் 2012-க்கும் இடையே பழைய இழை பல்புகள் படிப்படியாகக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. மோட்டார்களுக்கும் இத்தகைய விதி உண்டு. 2021 ஜூலை முதல், முக்கால் கிலோவாட்டுக்கு மேற்பட்ட பொதுவகை மும்முனை மோட்டார்கள் ஐ.ஈ.3 வகுப்புக்குக் குறையாமல் இருந்தாலன்றி அங்கே புதிதாக விற்பனைக்கு வர இயலாது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டாரைத் தூக்கி எறியும்படி எவரையும் வற்புறுத்தவில்லை. புதிதாக வாங்கும் வேளையில் நல்லது கிடைக்கும்படி செய்தார்கள்.

மூன்றாவது, இலக்கு வைத்து ஆண்டுதோறும் கணக்குக் கேட்டல். 2012-ஆம் ஆண்டின் கட்டளை, மதிப்பிடப்பட்டிருந்த எரிசக்திச் செலவில் 2020-க்குள் நூற்றுக்கு இருபது குறைக்க வேண்டும் என்றது. 2023-இல் அது திருத்தப்பட்டு, 2030-ஆம் ஆண்டுக்கு 2020-இல் மதிப்பிட்ட செலவினும் 11.7 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்கள் ஆண்டுக்கு 1.9 சதவீதம் தம் செலவைக் குறைக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஊருக்கு உபதேசிப்பவர் முதலில் தம் வீட்டு விளக்கை அணைக்க வேண்டும் என்பது நியாயந்தானே?

வழுக்கிய இரண்டு இடங்கள்

அங்கே எல்லாம் செவ்வனே நடந்தது என்று கூறுவதற்கில்லை. 2013-இல் பிரிட்டன் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டைச் செப்பனிடக் கடன் கொடுப்பது. அதனால் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்தே கடனைத் தீர்த்துக்கொள்வது. கேட்பதற்கு மிக நல்ல யோசனை. ஆனால் வட்டி அதிகம். படிவங்களும் நடைமுறைகளும் சிக்கலானவை. மக்கள் நாடவில்லை. 2015-இல் அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டது.

இத்தாலி இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. 2020-இல் வந்த திட்டத்தின்படி, வீட்டைச் செப்பனிட நூறு ரூபாய் செலவிட்டால் நூற்றுப்பத்து ரூபாய் வரிச்சலுகை என்னும் வீதத்தில் உதவி கிடைத்தது. தம் கையிலிருந்து ஒன்றும் போகாதபோது விலையைப் பேரம் பேசுவார் யார்? வேலைக்கூலியும் சாமான் விலையும் ஏறின, மோசடிகளும் வெளிப்பட்டன. அரசாங்கத்துக்கு நேர்ந்த செலவு பதினாயிரம் கோடி யூரோவையும் கடந்தது. 2023 முதல் அச்சலுகையைக் குறுக்க வேண்டியதாயிற்று.

கடுவட்டிக் கடனை மக்கள் தொடவில்லை. முழு இலவசம் கஜானாவை வற்றச் செய்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, அங்கத்தினர் தம் பங்கையும் போட்டு, குறைந்த வட்டியில், தமக்கு அறிமுகமான இடத்திலேயே கடன் பெறும் வழி ஒன்று உண்டு. அதற்குத்தான் நாம் கூட்டுறவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் நடந்தது

நம் தேசமும் இவ்விஷயத்தில் பின்தங்கிவிடவில்லை. 2001-ஆம் ஆண்டில் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் வாரியம் அமைந்தது. 2006 முதல் சாதனங்களில் நட்சத்திரச் சீட்டு ஒட்டப்படலாயிற்று. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கும் அச்சீட்டு கட்டாயமாயிற்று.

சேர்ந்து வாங்குவதன் வலிமைக்கு எல்.இ.டி. பல்பைவிடச் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை. மத்திய அரசாங்கத்தின் பொதுத்துறைக் கம்பெனிகள் சேர்ந்து 2009-இல் அமைத்த எரிசக்தித் திறன் சேவை நிறுவனம், நாடு முழுமைக்குமாக மொத்த டெண்டர் விட்டு பல்புகளை வாங்கியது. 2014-இன் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்மூலம் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தனித்தனியே கடைக்குச் சென்றிருந்தால் அவ்விலை யாருக்குக் கிடைத்திருக்கும்?

அதே முறையை விசைத்தறிக்கும் கொண்டுவர 2017-இல் மத்திய ஜவுளி அமைச்சகமும் மின்சக்தி அமைச்சகமும் கூடி ‘சாத்தி’ என்னும் திட்டத்தை அறிவித்தன. சிக்கனமான தறிகளையும் மோட்டார்களையும் அந்த நிறுவனமே மொத்தமாக வாங்கிச் சிறு தறிக்காரர்களுக்கு முன்பணமின்றிக் கொடுப்பதும், நான்கைந்து ஆண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெறுவதும் அதன் நோக்கம். ஈரோடு, சூரத், இச்சல்கரஞ்சி போன்ற பெரிய நெசவுக் கேந்திரங்களை முன்வைத்து அது வகுக்கப்பட்டது. அம்மையார்குப்பம் போன்ற எல்லையோர ஊர் அத்தகைய பட்டியலில் முதலில் இடம்பெறுவது அரிது. பட்டியல் நம்மை வந்தடையும் வரை காத்திருப்பதா, அல்லது அந்த யோசனையை எடுத்து நாமே நம் அளவில் நடத்திப் பார்ப்பதா என்பதே கேள்வி.

இரண்டு தறிக்காரருக்கு என்ன ஆதாயம்?

இக்கணக்கை அடுத்த வருகையின்போது அங்கத்தினர் சிலரிடம் எடுத்துரைத்தோம். நான்கு தறிக்காரர் மகிழ்ந்தார். இரண்டு தறி மட்டுமே வைத்திருக்கும் மற்றொருவர் குறுக்கிட்டார். “எனக்கு ஆகிற செலவே ஆயிரத்தை ஒட்டித்தான். மிச்சம் பிடித்தால் எனக்கென்ன மிச்சம்?” என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். மேற்கண்ட கணக்குப்படி அவருடைய செலவு 1040 யூனிட்டிலிருந்து ஏறத்தாழ 909 யூனிட்டாக இறங்கும். ஆனால் அவர் கட்டணம் கட்டுவது 40 யூனிட்டுக்கே. அதுதான் அவருக்கு மிஞ்சும். எஞ்சிய 91 யூனிட்டும் மிச்சமாவது அரசாங்கத்துக்கு. அவரிடம் போய் “கடன் வாங்கி மோட்டாரை மாற்றுங்கள்” என்பது அறமாகாது. அவருக்கு நாம் கூறுவது இதுவே: ஓடும் மோட்டார் ஓடட்டும். அது எரிந்து நிற்கும் நாளில், மறுபடியும் கம்பி சுற்றக் கொடுக்குமுன் சங்கத்துக்கு வாருங்கள்; சுற்றுக்கூலியையும் புதிய மோட்டாரின் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்வோம். பின்னொரு நாள் மூன்றாவது தறி போட்டாலும், தார் சுற்றும் யந்திரம் சேர்த்தாலும், இலவச அளவுக்குள் அவருக்கு இடம் இருக்கும்.

கிணற்றடியில்

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். நம் மாநிலத்தில் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், விவசாயிகள் அனைவருக்கும் 1990-இலும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. கட்டணமே இல்லாத இடத்தில் சிக்கனத்தால் ரசீது குறையப் போவதில்லை. ஆயினும் விவசாயி கொடுக்கும் விலை வேறு உண்டு. மும்முனை மின்சாரம் வந்தவுடன், தானே இயங்கும் ஸ்டார்ட்டர் பொருத்திய பம்புகள் யாவும் ஒரே நொடியில் ஓடத் தொடங்குகின்றன, மின்னழுத்தம் விழுகிறது, மோட்டார் எரிகிறது. கம்பி சுற்றும் கூலியை எந்த இலவசமும் ஈடு செய்வதில்லை. தக்க அளவுள்ள மோட்டார், கெபாசிட்டர், அடைப்பில்லாத புட்வால்வு, குறுகலும் தேவையற்ற வளைவுகளும் இல்லாத குழாய் ஆகிய இவை நான்கும் அமைந்தால், அதே மின்சார நேரத்தில் கூடுதலான நீர் வயலுக்குச் சேரும். நீர் போதிய அளவு பாய்ந்ததும் பம்பை நிறுத்துவது கிணற்றுக்கும் நன்று. அண்டை வயல்காரர் கிணற்றுக்கும் நன்று.

சங்கம் செய்ய வேண்டுவன

நம் யோசனைகள் பெரியவை அல்ல. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளத்தக்கவை.

1. ஒவ்வோர் அங்கத்தினர் கொட்டகையிலும் உள்ள மோட்டாரின் தகட்டைப் பார்த்து, குதிரைச் சக்தி, திறன் வகுப்பு, வாங்கிய ஆண்டு, எத்தனை முறை கம்பி சுற்றப்பட்டது ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுதல். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

2. முதற்கண் காசில்லாத சிக்கனம்: பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்தல், வேளாவேளைக்கு எண்ணெயிடுதல், பாவு பிணைக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்துதல்.

3. ஆயிரம் யூனிட்டுக்கு மேல் வெகுவாகச் செலவிடும் அங்கத்தினர்களைத் தனியே பிரித்து, அவர்களுக்கு வேண்டிய மோட்டார்களை ஒரே விலைப்புள்ளியாகக் கோரி, இந்தியத் தரமுத்திரை உள்ளனவாகச் சேர்ந்து வாங்குதல்.

4. அதற்குக் கடன் தருகையில், இரண்டு மாதத் தவணையானது ரசீதில் குறையும் தொகையைவிட மிகாதபடி வகுத்தல். மிச்சமாகும் யூனிட்டை ரசீதில் உள்ள கட்டண வீதத்தால் பெருக்கினால் அத்தொகை கிடைத்துவிடும். தவணை அதற்கு மிஞ்சுமாயின் அக்கடன் தரத்தக்கதன்று.

5. கைத்தறி அங்கத்தினர்களுக்கு விளக்கும் விசிறியுமே பெருஞ்செலவு. ஏறத்தாழ 75 வாட் உண்ணும் பழைய விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறி வந்தால், நாள் பத்து மணிக்கு, இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். முந்நூறு யூனிட்டுக்கு மேற்போகும் வீடுகளுக்கு இதனையும் சேர்ந்து வாங்கலாம்.

6. சங்கத்தின் சொந்தக் கட்டடத்து மின் ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதையே முதலில் குறைத்துக் காட்டுதல்.

ஆறாவது யோசனை செயலாளர் சிலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவோம். ஆனாலும் அங்கத்தினரின் நம்பிக்கை அங்கிருந்தே பிறக்கும்.

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பதும், ஆண்டின் நாளுக்கொரு படியாக அவற்றைக் கருதுவதும் இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்ததே. அம்மலையை ஒரே தாவலில் ஏறியவர் எவருமில்லை. அதுபோல, சலுகை ஒன்று அறிவிக்கப்பட்டதும் ரசீது தானே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. மோட்டார் மோட்டாராக, தறி தறியாகவே அது இறங்கும்.

“கரண்டுச் செலவாவது என் கையில் இருக்கிறதா?” என்று கேட்ட பெரியவருக்கு, காலந்தாழ்த்தியேனும் இப்போது விடை கூறுகிறோம். முழுவதும் உங்கள் கையில் இல்லை. ஆனால் நீங்கள் காசு கொடுக்கும் பகுதியில் கணிசமான பங்கு உங்கள் கையிலும், உங்கள் சங்கத்தின் கையிலும் இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நாம் வரும்போது, பேரேட்டோடு மோட்டார்ப் பதிவேட்டையும் மேஜைமேல் காண விரும்புகிறோம்.